கோதாவை விட்டு இறங்கிய பயில்வான்

"ஏண்டா, பெரிய தாராசிங்குன்னு நெனப்பா உனக்கு?"

சேலம், நாமக்கல் பக்கம் பிறந்து வளர்ந்த ஆண்பிள்ளைகளில் இந்த ஏச்சை ஒரு தடவையாவது வாங்காதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்துச் சண்டையில் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தால் அம்மாயி சொல்வார். தூக்க முடியாத மூட்டையைத் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அப்பாரு சொல்வார். சொன்னவர்களில் பலர் தாரா சிங்கின் ஒரு குஸ்தியைக்கூடக் கண்ணால் கண்டவர்கள் இல்லை. அவர் பேசிய பஞ்சாபியும் இந்தியும் அவர்களுக்குப் புரிந்ததும் இல்லை. ஆனாலும் பலத்துக்கு ஓர் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால், பீமனுக்கு அடுத்தபடியாக வாயில் வந்தது அந்தப் பெயர்தான்.

அமிர்தசரஸ் பக்கத்து விவசாயி மகன் ஒருவர் நம் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்து சேர்ந்தது இரண்டு வழிகளில். முதலாவது, 1950களிலும் 60களிலும் பத்திரிகைகளும் வாய்ப்பேச்சும் ஊர் ஊராகக் கொண்டுபோன கிங்காங் - தாராசிங் குஸ்திக் கதை. அடுத்தது, 1987ல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் வந்த அனுமார். இந்த இரண்டுக்கும் நடுவே 1983ல் அவர் குஸ்தியை விட்டார். விட்டவர் திரும்பிப் போகவில்லை. அதற்குப் பிறகு 29 வருஷம் மரியாதையோடு வாழ்ந்து முடித்தார். தொழில்முறைக் குஸ்தியில் சாம்பியன் பட்டம் கட்டியவர்கள் ஏராளம். இப்படி இறங்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருடைய வெற்றிகளைவிட இந்த இறக்கத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மண்ணில் தொடங்கியது

தாரா சிங் பிறந்தது 1928 நவம்பர் 19, பஞ்சாபின் தர்மூசக் கிராமத்தில். வயல் வேலை, மாடு, பால், வெண்ணெய் என்று வளர்ந்த உடம்பு. ஆறடி இரண்டங்குல உயரம். பின்னாளில் 130 கிலோ எடை. தம்பி ரந்தாவாவும் பயில்வான்தான்.

அந்த ஊர்களில் குஸ்தி என்பது மண் குஸ்தி. நாம் கோதா என்று சொல்வதை அவர்கள் அக்காடா என்பார்கள். சும்மா வெட்டிப் போட்ட மண் இல்லை அது. எண்ணெய், மஞ்சள், மோர் எல்லாம் ஊற்றிக் கிளறி, கல் பொறுக்கி, பூப்போல ஆக்கி வைத்த மண். பயில்வான் விடியற்காலையில் முதல் வேலையாக மண்வெட்டியை எடுத்து அந்த மண்ணைக் கொத்திவிட வேண்டும். அதுவே ஒரு பயிற்சி. அதற்குப் பிறகு தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. எல்லாம் முடிந்த பிறகுதான் பிடி.

பழைய பயில்வான் ஒருவரைக் கூட்டத்தில் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டுமானால் புஜத்தைப் பார்க்கக் கூடாது. காதைப் பார்க்க வேண்டும். பிடியில் தலையோடு தலை உரசும்போதும், எதிராளியின் முன்னங்கை அழுத்தும்போதும், காது மடலின் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் கட்டிக்கொள்ளும். அதை உடனே எடுக்காவிட்டால் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் நின்று, கட்டிய ரத்தம் இறுகி, மடல் முடிச்சு முடிச்சாகத் தடித்துவிடும். வயசானால் புஜம் சுருங்கும், மார்பு இறங்கும். காது மட்டும் அப்படியே இருக்கும். குஸ்தியை விட்ட பிறகும் குஸ்தி ஒருவரை விடாது என்பதற்கு அவர் உடம்பிலேயே இருக்கிற அத்தாட்சி அது.

1947ல், தேசம் இரண்டாகப் பிரிந்த காலத்தில், தாரா சிங் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். டிரம் செய்கிற ஆலையில் வேலை. ஹர்னாம் சிங் என்பவரிடம் பயிற்சி. மண்ணில் பழகிய கால்கள் அங்கேதான் முதன்முதலாகக் கித்தான் விரித்த மேடையில், நாலு பக்கமும் கயிறு கட்டிய வளையத்துக்குள் நின்றன. அந்தக் காலத்து சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பொழுதுபோக்குப் பூங்காக்களில் குஸ்திக்குக் கூட்டம் நெரியும். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலேயா சாம்பியன் ஆனார். சில வருஷங்களில் ஊர் திரும்பி, 1954ல் இந்தியாவின் சாம்பியன் என்று பொருள்படும் ருஸ்தம்-இ-ஹிந்த் பட்டத்தையும் வென்றார்.

கிங்காங் என்று நம்மவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்த ஆளின் இயற்பெயர் எமில் சாயா. ஹங்கேரி வம்சம். சிங்கப்பூரில் குடியேறியவர். எடை 200 கிலோ என்று விளம்பரம் செய்தார்கள். தாடியும் தொப்பையுமாக அவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாலே கூட்டம் ஊளையிடும். 1956 டிசம்பரில் நடந்த குஸ்தியில் 130 கிலோ தாரா சிங் அந்த 200 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினார் என்ற கதைதான் இந்தியா முழுக்கப் பரவியது. இரண்டு பேரும் பல ஊர்களில் மறுபடி மறுபடி மோதினார்கள். ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்குப் பிழைப்பு இல்லை என்கிற அளவுக்கு அந்த ஜோடி ஒட்டிப்போனது.

1959ல் கல்கத்தாவில் கனடா வீரர் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் சாம்பியன். 1968 மே 29ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலக சாம்பியன். இந்தக் கடைசி வெற்றியைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். லூ தெஸ் அமெரிக்கக் குஸ்தியின் மாமேதை, சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கு வயது 52, தாரா சிங்குக்கு 39. அமெரிக்காவின் பெரிய பட்டத்தை தெஸ் 1966லேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்திருந்தார். 500 குஸ்தியில் ஒன்றில்கூடத் தோற்காதவர் என்று எழுதுவதையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. இதையெல்லாம் ஒத்துக்கொள்வதால் தாரா சிங்குக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பொய்ச் சண்டையா?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் குஸ்திக்காரர்களைப் பற்றி எழுத முடியாது. தொழில்முறைக் குஸ்தியில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி முடிக்கப்படுகிற விஷயம். ஒரு காலத்தில் அதை உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது. 1989ல் நியூஜெர்சி மாநில சட்டமன்றத்தின் முன்னால் அமெரிக்கக் குஸ்தி அமைப்பாளர் வின்ஸ் மக்மஹானின் நிறுவனமே, இது போட்டி விளையாட்டு இல்லை, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் போட்டிக்கான கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிப்பதற்காகச் சொன்ன உண்மை அது.

முடிவு பேசி வைத்ததாக இருக்கலாம். விழுவதைப் பேசி வைக்க முடியாது. வளையத்தின் தரை என்பது இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் இழுத்துக் கட்டிய கித்தான். அவ்வளவுதான். ஆறடி உயரத்திலிருந்து அதில் மல்லாக்க விழுகிறவன் தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை அடிபடும். முதுகின் மேல்பாதி முழுக்க ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். இரண்டு கைகளையும் விரித்து உள்ளங்கையால் கித்தானை ஓங்கி அறைய வேண்டும். அந்தச் சத்தம் கூட்டத்துக்கு. விழுகிற வேகம் பரந்து போவது உடம்புக்கு. ஒரு ராத்திரிக்கு இப்படிப் பத்துத் தடவை, வருஷத்துக்கு எத்தனை ராத்திரி, எத்தனை வருஷம்! முழங்காலும் கழுத்தெலும்பும் இடுப்பும் அந்தக் கணக்கை மறக்காமல் வைத்திருக்கும். 200 கிலோ மனிதனைத் தூக்குவதற்கு அந்த மனிதன் ஒத்துழைத்தான் என்றே வைத்துக்கொள்வோம். தூக்கியவனின் முதுகுத்தண்டு ஒத்துழைக்க வேண்டாமா?

தாரா சிங்கை மற்றவர்களிடமிருந்து பிரித்தது அவருடைய அடிப்படை. மண்ணில் நிஜமாகப் பிடித்துப் பழகியவர் மேடைக்கு வந்தபோது, கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது. கத்தவில்லை, கொக்கரிக்கவில்லை. வந்தார், கும்பிட்டார், பிடித்தார்.

இறங்கத் தெரியாதவர்கள்

பயில்வானுக்கு ஓய்வு என்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறது. லிட்டர் கணக்கில் பால், நெய், பாதாம் என்று பழக்கிய வயிறு, குஸ்தியை விட்ட மறுநாளே சுருங்கிவிடாது. முன்பு அந்தச் செலவை பாட்டியாலா, கோலாப்பூர், பரோடா போன்ற சமஸ்தானங்கள் பார்த்துக்கொண்டன. அரண்மனையில் பயில்வான் வைத்திருப்பது ராஜாவுக்கு கௌரவம். 1947க்குப் பிறகு சமஸ்தானங்கள் போயின, கூடவே பயில்வான்களின் அடுப்பும் அணைந்தது.

மகா காமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1910ல் லண்டன் போய், போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவோடு மணிக்கணக்கில் மோதியவர். 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிஷம் ஆவதற்குள் மல்லாத்தியவர். இந்தியத் துணைக்கண்டம் பெற்ற பயில்வான்களில் அவருக்கு இணை இல்லை. தேசப் பிரிவினைக்குப் பிறகு லாகூரில் வியாதியும் பணமுடையுமாக அவர் கிடந்தபோது, இந்தியாவிலிருந்து தொழிலதிபர் ஜி.டி. பிர்லா மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. 1960ல் காமா காலமானார். ஒரு பிர்லாவுக்கு மனசு வந்ததால் அந்த மாதச் செலவு நடந்தது என்பதை இன்றைக்குப் படித்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

கிங்காங்குக்கு ஓய்வென்று ஒன்றே வாய்க்கவில்லை. 1970ல் கார் விபத்தில் அடிபட்டு சிங்கப்பூரில் இறந்தபோது அவருக்கு வயது 60ஐ ஒட்டி. பம்பாயில் தோற்ற லூ தெஸ்? அவர் 1990 டிசம்பரில், 74ஆவது வயதில், ஜப்பானில் கடைசிக் குஸ்தி பிடித்தார். அமெரிக்கப் பயில்வான் ரிக் ஃபிளேர் 2022ல் 73 வயதில் மறுபடி வளையத்துக்குள் ஏறினார். இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பத்தாயிரம் பேர் தன் பெயரைக் கூவுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு வீட்டு நிசப்தம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

கல்கத்தாவில் தோற்ற கோர்டியென்கோ மட்டும் வேறு வழி கண்டுபிடித்தார். அவர் ஓவியர் ஆனார். குஸ்தியை விட்ட பிறகு கனடாவின் மேற்குக் கரையில் படம் வரைந்தபடி கடைசிக் காலத்தைக் கழித்தார். தாரா சிங்கின் எதிராளிகளில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

இறங்குவதற்கு முன்பே கட்டிய படிகள்

தாரா சிங் 1983ல் டெல்லியில் நடந்த போட்டியோடு விடைபெற்றபோது அவருக்கு 54 வயது. அது திடீர் முடிவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்பே, 1952ல், 'சங்தில்' இந்திப் படத்தில் தலைகாட்டியிருந்தார். 1962ல் 'கிங்காங்' என்ற படத்திலேயே கதாநாயகன். தான் தூக்கி எறிந்த ஆளின் பெயரை வைத்தே சினிமாவில் ஏறினார் என்று சொல்லலாம். 'ஃபௌலாத்', 'சாம்சன்', 'சிக்கந்தர்-ஏ-ஆஸம்' என்று வரிசையாக வந்தன. அன்றைக்குப் பெரிய கதாநாயகிகள் பயில்வானோடு நடிக்கத் தயங்கினார்கள். வளர்ந்துவந்த மும்தாஜ் தயங்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பதினாறு படங்கள் நடித்தார்கள்.

அந்தப் படங்களை விமர்சகர்கள் இரண்டாந்தரம் என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கிய படங்களுக்குத்தான் சின்ன ஊர்க் கொட்டகைகளில் மண்தரை டிக்கெட் முதலில் தீர்ந்தது. இது சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டிய விஷயமே இல்லை. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், கத்திச்சண்டையும் மந்திர தந்திரமும் கலந்த படங்களால் இதே ரசிகர்களின் நாடியைப் பிடித்து வைத்திருந்த ஊர் இது.

தாரா சிங் நடிப்போடு நிற்கவில்லை. 1970ல் பஞ்சாபியில் 'நானக் துகியா சப் சன்சார்' இயக்கினார். அதே வருஷம் ராஜ் கபூரின் 'மேரா நாம் ஜோக்க'ரிலும், அடுத்த வருஷம் 'ஆனந்த்' படத்திலும் சின்ன வேடங்கள். 1978ல் மொஹாலியில் சொந்தமாக ஸ்டூடியோ கட்டினார். 1983ல் வளையத்திலிருந்து இறங்கியவருக்குக் கால் வைக்க நிலம் தயாராக இருந்தது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று எந்த ஒப்பந்தக்காரரிடமும் கையேந்தி நிற்க வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. வெகுளியான பயில்வான் என்று எல்லோரும் நினைத்த மனிதரிடம் இவ்வளவு நிதானம் இருந்திருக்கிறது.

நாமக்கல்லுக்குத் தெரிந்த அனுமார்

நாமக்கல் கோட்டைக்குக் கீழே ஆஞ்சநேயர் 18 அடி உயரத்தில் நிற்கிறார். மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர் மேல்தான். கைகூப்பி, எதிரே இருக்கிற நரசிம்மர் சந்நிதியைப் பார்த்தபடி நிற்கிறார். வடைமாலை சாத்துகிற நாளில் பட்டாச்சாரியார்கள் சாரம் ஏறி நிற்க வேண்டும்; வெண்ணெய்க்காப்பு என்றால் பாதத்திலிருந்து கிரீடம் வரை பூசி முடிப்பதற்குள் பொழுது ஏறிவிடும். இந்த ஊரில் கட்டப்படுகிற லாரிகளின் முகப்பில் அவர் படம் இல்லாமல் வண்டி பட்டறையை விட்டு நகராது.

இப்படி ஓர் அனுமாரைத் தினமும் அண்ணாந்து பார்க்கிற ஊருக்கு, டிவியில் வருகிற அனுமார் சோடையாக இருந்தால் ஆகாது. 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கி, 1988 ஜூலை வரை ஓடியது. வசனம் முழுக்க இந்தி. தெருவில் டிவி இருக்கிற வீட்டு வாசலில் செருப்புகள் குவியும். ராமன் பேசினால் யாருக்கும் புரியாது, லட்சுமணன் பேசினாலும் புரியாது. அனுமார் வந்தவுடன் புரிய வேண்டிய தேவையே போய்விடும். அந்த மார்பு, அந்தத் தோள், கதையைத் தூக்குகிற அந்தக் கை, எல்லாம் மெய்யாக உழைத்து வந்தவை.

அப்போது தாரா சிங்குக்கு வயது 58. 1976ல் 'பஜ்ரங்பலி' படத்தில் அனுமாராக நடித்தவர்தான். என்றாலும் இந்த வயசில் இந்த வேஷம் கட்டினால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று தயங்கியதாகவும், சாகர் விடாப்பிடியாக நின்றதாகவும் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். அனுமாரின் வாயை முகவாய்க்கு மேல் தனியாக ஒட்டி, வர்ணம் பூசி முடிக்கவே மணிக்கணக்காகும். ஒட்டிய பிறகு வாயைத் திறந்து சாப்பிட முடியாது. பசிக்குப் பேர்போன பயில்வான், கழற்றுகிற வரைக்கும் பட்டினியாகப் படப்பிடிப்பில் நிற்பார். முப்பத்தாறு வருஷம் குஸ்தி பிடித்த முழங்காலோடு ஒற்றைக்காலில் மண்டியிட்டு ராமனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற காட்சிகளை மறுபடி பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

அனுமார் வடக்கே எல்லா அக்காடாவுக்கும் தெய்வம். நம் தேகப்பயிற்சி சாலைகளிலும் கர்லாக்கட்டைகளுக்கு மேலே அவர் படம்தான். பயில்வான்கள் கும்பிட்டு வந்த தெய்வத்தின் வேடத்தைக் கடைசியில் ஒரு பயில்வானே தாங்கியது எவ்வளவு பொருத்தம்!

2003ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர். விளையாட்டுத் துறையிலிருந்து அப்படிப் போன முதல் ஆள். 2007ல் 'ஜப் வி மெட்' படத்தில் தாத்தாவாக வந்தார். 2012 ஜூலை 12ல் மும்பையில், தன் வீட்டில், கண்ணை மூடினார். 2018ல் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனம் தன் புகழ்மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. இது கொஞ்சம் தாமதமாக வந்த மரியாதை.

44ஆம் எண் சாலையின் இந்தக் கோடியில்

நாமக்கல்லையும் சேலத்தையும் தொட்டுப் போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் ஜலந்தர் வரும். நம் லாரிக்காரர்களுக்குப் பழக்கமான தடம். அந்த ஜலந்தரில் 2015ல் கிரேட் காளி என்கிற தலீப் சிங் ராணா ஒரு குஸ்திப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்க மேடையில் 2007ல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். ஹரியானாவின் கவிதா தேவி அங்கே பழகித்தான் டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்குப் போனார். தாரா சிங் சினிமாவைப் பிடித்தார், காளி பள்ளிக்கூடத்தைப் பிடித்தார். பஞ்சாபில் குஸ்தியை விட்டவருக்குப் போக இடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில்? நம் மாவட்டங்களில் மண்ணில் பிடித்து விளையாடுகிற ஆட்டம் என்றால் கபடிதான். குஸ்திக்குப் பெரிய மரபு வளரவில்லை. இருந்தாலும் ஊருக்கு ஒன்றிரண்டு தேகப்பயிற்சி சாலைகளும், அவற்றில் குஸ்தி, சிலம்பம் பழகித் திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் இறங்கியவர்களும் இருந்தார்கள். இப்போது எழுபது, எண்பது வயதில் தறிப் பட்டறையிலோ மளிகைக் கடை வாசலிலோ உட்கார்ந்திருக்கிற அவர்களின் காதைப் பார்த்தால் தெரியும்.

நலிந்த முன்னாள் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழக அரசு மாத ஓய்வூதியம் தருகிறது. நல்ல திட்டம். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் வென்ற சான்றிதழ் வேண்டும். பொருட்காட்சிக் குஸ்திக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? ஜெயித்தவருக்குக் கிடைத்தது ஒரு துண்டும் கொஞ்சம் பணமும்தான். நாட்டுப்புறக் கலைஞர்களிடம் அரசு அப்படிப் பட்டச் சான்றிதழ் கேட்கவில்லை. அவர்களுக்கென்று நல வாரியம் வைத்து அடையாள அட்டை கொடுத்திருக்கிறது. பயில்வான்களுக்கும் அதே வழியில் செய்யலாம். பழைய நோட்டீஸ், புகைப்படம், உடன் பழகியவர்களின் சாட்சியம் ஆகியவற்றை ஆதாரமாக ஏற்றுக்கொண்டு மாவட்ட விளையாட்டு அலுவலகங்கள் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். சாட்சி சொல்லக்கூடிய வயதில் அவர்கள் இருக்கும்போதே, இந்த வருஷமே, சேலத்திலும் நாமக்கல்லிலும் அதைத் தொடங்க வேண்டும்.